கல்விச் சுதந்திரமும் திருச்சபையின் மனச்சான்றும்: புதுச்சேரி வரலாற்றினூடே ஒரு நோக்கு

முன்னுரை

பல்கலைக் கழகங்களில் அரசியல் புயல் வீசும்போதெல்லாம் ‘கல்விச் சுதந்திரம்’ என்னும் சொற்றொடர் செய்தித்தாள்களில் இடம் பெறுகின்றது. புயல் ஓய்ந்ததும் அச்சொல்லும் மறைந்துவிடுகின்றது. அது எதைக் குறிக்கின்றது, யாருக்கு உரியது, அதன் எல்லை யாது என்னும் வினாக்கள் விடையின்றியே நிற்கின்றன. இறையியல் பயில்வோரும் திருச்சபைகளில் ஊழியம் செய்வோரும் இவ்வினாக்கள் தமக்குப் புறம்பானவை என்று எண்ணுவதுண்டு. ஆனால் தென்னிந்திய உயர்கல்வியின் ஒரு கணிசமான பகுதியைத் தொடங்கி வைத்தவர்கள் மிஷனெரிமார். இன்றும் பல கல்லூரிகள் திருச்சபைகளின் ஆளுகையில் உள்ளன. ஆசிரியர் ஒருவர்மீது புகார் எழும்போது அவரைக் காப்பதா, கைவிடுவதா என்று தீர்மானிக்கும் குழுக்களில் நம் ஆயர்களும் பேராயர்களும் அமர்ந்திருக்கின்றனர். ஆகவே இவ்வினா நம் வாசலுக்கு வெளியே நிற்பதன்று.

இக்கட்டுரையில் புதுச்சேரியை மையமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய முற்படுகின்றோம். பிற இடங்களில் பேச இயலாதவர்களுக்கு ஒரு காலத்தில் அடைக்கலம் அளித்த நகரம் அது. இன்று அங்கே ஒரு மத்தியப் பல்கலைக் கழகம் உள்ளது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நூற்றாண்டில் கல்விக் கூடத்திற்கும் ஆட்சிக்கும் உள்ள உறவு எவ்வாறு மாறியது என்பதை முதலில் காண்போம். பின்னர் நம் சொந்த வரலாற்றின் ஏடுகளைப் புரட்டுவோம்.

1. சுற்றறிக்கையும் அடைக்கல நகரமும்

1905ஆம் ஆண்டு வங்காளம் பிரிக்கப்பட்டபோது கல்கத்தாவின் மாணவர்கள் தெருவில் இறங்கினர். அவ்வாண்டு அக்டோபர் மாதம் வங்காள அரசின் தலைமைச் செயலாளர் கார்லைல் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். அரசியல் கூட்டங்களில் மாணவர் கலந்துகொள்ளாதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கல்வி நிலையங்களின்மேல் சுமத்தப்பட்டது. தவறும் நிலையங்கள் அரசின் மானியத்தையும், மாணவருக்கான உதவித்தொகை உரிமையையும், பல்கலைக் கழக அங்கீகாரத்தையும் இழக்க நேரிடும் என்று அது எச்சரித்தது. இம்முறையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். மாணவரை அரசு நேரே தண்டிக்கவில்லை. தலைமையாசிரியரையும் கல்லூரி முதல்வரையும் தன் காவலராக மாற்ற முயன்றது.

இச்சுற்றறிக்கைக்கு மறுமொழியாக எழுந்ததே தேசியக் கல்வி இயக்கம். 1906 மார்ச் மாதம் தேசியக் கல்விக் கழகம் அமைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வங்காள தேசியக் கல்லூரி திறக்கப்பட்டது. பரோடாக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராகவும் துணை முதல்வராகவும் இருந்த அரவிந்தர் அப்பணியை விட்டு இக்கல்லூரியின் முதல்வரானார். ஆனால் அவர் ‘வந்தே மாதரம்’ ஏட்டிலும் எழுதி வந்தார். 1907 ஆகஸ்டில் அவ்வேட்டின் பொருட்டு அரச நிந்தனை வழக்குத் தொடரப்பட்டபோது, தம்மால் கல்லூரிக்கு இடையூறு நேரக் கூடாதென்று முதல்வர் பதவியைத் துறந்தார். அடுத்த மாதம் வழக்கில் விடுதலை பெற்றார்.

அரசின் பிடியினின்று விலகி நிற்கவே தோற்றுவிக்கப்பட்ட கல்லூரியில்கூட ஆசிரியரின் அரசியல் எழுத்தும் கல்லூரியின் பாதுகாப்பும் ஒன்றோடொன்று மோதின என்பது இந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை. ஆசிரியர் தாமே விலகிக் கல்லூரியைக் காப்பது ஒரு வழி. கல்லூரி ஆசிரியரை விலக்கித் தன்னைக் காத்துக்கொள்வது மற்றொரு வழி. புறத்தோற்றத்தில் இரண்டின் முடிவும் ஒன்றே. ஆயினும் முன்னது தியாகம், பின்னது கைவிடல். இவ்வேறுபாடு இக்கட்டுரை நெடுகிலும் நமக்குப் பயன்படும்.

சென்னை மாகாணமும் இதற்கு விலக்கன்று. 1907ஆம் ஆண்டு விபின் சந்திர பாலர் ஆந்திரப் பகுதியில் சொற்பொழிவாற்றிச் சென்றதைத் தொடர்ந்து, ராஜமுந்திரிக் கல்லூரியில் ‘வந்தே மாதரம்’ சின்னம் அணிந்து வகுப்புக்கு வந்த மாணவர்கள் நீக்கப்பட்டனர். அவ்வாண்டு மே மாதம் இந்திய அரசின் உள்துறைச் செயலாளர் ரிஸ்லி விடுத்த சுற்றறிக்கை, ஆசிரியர்களும் மாணவர்களும் அரசியலில் ஈடுபடுவதை இந்தியா முழுமைக்கும் கட்டுப்படுத்த முற்பட்டது.

இப்பின்னணியில்தான் புதுச்சேரி நம் கண்முன் வருகின்றது. அது பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அச்சுரிமை பற்றிய 1881ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டம் குடியேற்றப் பகுதிகளுக்கும் உரியதாயிருந்தது. 1908ஆம் ஆண்டு சுப்பிரமணிய பாரதியார் அங்குச் சென்று ‘இந்தியா’ ஏட்டைத் தொடர்ந்து வெளியிட்டார். 1910 ஏப்ரல் 4ஆம் நாள் அரவிந்தர் வந்து சேர்ந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் வ. வே. சு. ஐயர் வந்தார். கல்லூரியில் பேச இயலாததை அச்சகத்திலும், அச்சகத்தில் இயலாததை அயல் ஆட்சியின் நகரத்திலும் தேட வேண்டிய நிலை அன்று இருந்தது.

2. அடைக்கலத்தின் எல்லை

புதுச்சேரியின் அடைக்கலத்தை மிகைப்படுத்திக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. பிரிட்டிஷாரின் பகைவருக்கு இடமளித்த பிரெஞ்சு ஆட்சி, தன் குடிகள் தன்னை எதிர்த்தபோது வேறு முகம் காட்டிற்று. 1936 ஜூலை 30ஆம் நாள் உரிமை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு 12 பேர் மாண்டனர். அயலானின் எதிர்ப்பாளனுக்குச் சுதந்திரம் அளிப்பது எளிது. தன் எதிர்ப்பாளனுக்கு அளிப்பதே கடினம். இது அரசுக்கு மட்டும் உரிய பலவீனமன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

1954 அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் மக்கட் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. சட்ட முறையான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் நிறைவேறியது. பின்வந்த ஆண்டுகளில் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக் கழகத்தோடு இணைந்திருந்தன. 1985ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தினால் புதுச்சேரிப் பல்கலைக் கழகம் நிறுவப்பட்டு, கடலோரக் கிராமமான காலாப்பட்டில் அமைந்தது. குடியரசுத் தலைவர் அதன் மேலுறுப்பாளராவார். ‘ஒளியை நோக்கி’ என்னும் பொருள்படும் பிரெஞ்சு வாசகம் அதன் குறிக்கோள் உரையாக ஏற்கப்பட்டது.

அச்சட்டம் இனம், சமயம், சாதி, வகுப்பு என்னும் வேறுபாடின்றிப் பல்கலைக் கழகம் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டுமென்றும், சமய நம்பிக்கை பற்றிய சோதனை எதையும் ஆசிரியர்மீதோ மாணவர்மீதோ சுமத்தலாகாதென்றும் விதிக்கின்றது. இதனைப் படிக்கும் இறையியல் மாணவர் செராம்பூரை நினையாதிரார். 1827ஆம் ஆண்டு டென்மார்க்கு மன்னர் ஆறாம் பிரெடெரிக் வழங்கிய பட்டயத்தின்கீழ் 1833இல் வகுக்கப்பட்ட செராம்பூர்க் கல்லூரியின் விதிகளில், சாதியோ நிறமோ நாடோ எவருடைய சேர்க்கைக்கும் தடையாகாது என்னும் கருத்து இடம் பெற்றிருந்தது. நம்மில் பெரும்பாலோர் பெறும் இறையியல் பட்டங்கள் அப்பட்டயத்தின் வழியே வருபவை. எனவே கல்விக் கூடத்தின் திறந்த வாயில் என்பது நேற்று வந்த அரசியல் கொள்கையன்று. நம் முன்னோர் தாமே எழுதி வைத்த கொள்கை.

3. காலாப்பட்டிலும் அண்மையிலும் நிகழ்ந்தவை

சட்டத்தில் எழுதியிருப்பது வேறு. அவை நடுவே நிகழ்வது வேறு. 2019 டிசம்பர் 23ஆம் நாள் குடியரசுத் தலைவர் முன்னிலையில் புதுச்சேரிப் பல்கலைக் கழகத்தின் பட்டமளிப்பு விழா நடைபெற்றது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் மாணவர்கள் போராடிக்கொண்டிருந்த காலம் அது. தங்கப் பதக்கத்திற்கு உரியவரான ஒரு முஸ்லிம் மாணவி, குடியரசுத் தலைவர் அரங்கில் இருந்தவரை தாம் வெளியே நிறுத்தப்பட்டதாகவும், அவர் சென்ற பின்னரே உள்ளே விடப்பட்டதாகவும் கூறினார். பின்னர் மேடையேறிய அவர், போராடும் மாணவருக்கு ஆதரவாகப் பதக்கத்தை மறுத்துச் சான்றிதழை மட்டும் பெற்றுக்கொண்டார். கூச்சலின்றி, பிறரை இழிவுபடுத்தாமல், தமக்குரியதைத் தாமே இழந்து தெரிவிக்கப்பட்ட மறுப்பு அது. பட்டமளிப்பு விழா என்பது கற்றவரைக் கற்றவர் என்று அறிவிக்கும் சடங்கு. அச்சடங்கின்போதே தகுதி பெற்ற ஒருவர் வாயிற்புறத்தில் நின்றாரெனில், அந்த அறிவிப்பின் பொருளே குறைவுபடுகின்றது.

2024 மார்ச் இறுதியில் வேறொரு வகைச் சிக்கல் எழுந்தது. நிகழ்கலைத் துறை மாணவர்கள் தங்கள் ஆண்டு விழாவில் ‘சோமாயணம்’ என்னும் நாடகத்தை நடித்தனர். இராமாயணப் பாத்திரங்களை இழிவுபடுத்துவதாக அந்நாடகத்தின்மேல் குற்றச்சாட்டு எழுந்தது. மாணவர் அமைப்பொன்று கண்டனம் தெரிவித்தது. காவல் துறையினர் வழக்குப் பதிவு செய்தனர். பல்கலைக் கழகம் விசாரணைக் குழு அமைத்தது. துறைத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகி நிற்குமாறு பணிக்கப்பட்டார். பழங்கதையை மாற்றிச் சொல்வது இந்திய மேடைக்குப் புதிதன்று. எனினும் தாம் வணங்குவோரைப் பற்றிய நாடகத்தால் மனம் புண்பட்டவர்களின் வருத்தம் பொய்யென்று நாம் கூறமாட்டோம். வினா வேறு: வகுப்பறைப் பயிற்சியிலிருந்து பிறந்த ஒரு படைப்பைப் பற்றிய கருத்து வேறுபாட்டை முதலில் விசாரிக்க வேண்டியவர்கள் யார்? அத்துறையைக் கற்றறிந்தவர்களா, காவல் நிலையமா?

2020 நவம்பரில் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகம், மாவோயிஸ்டுகளிடையே சென்று வந்ததைப் பற்றி அருந்ததி ராய் எழுதிய நூலை முதுகலை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. 2017 முதல் கற்பிக்கப்பட்டு வந்த நூல் அது. மாணவர் அமைப்பொன்றின் புகாரைத் தொடர்ந்தே இந்நீக்கம் நிகழ்ந்தது. அந்நூலின் அரசியலை ஏற்போரும் மறுப்போரும் நம்மிடையே உண்டு. ஆயினும் ஒரு நூலைக் கற்பிப்பது அதனை வழிமொழிவதாகாது. நிந்தனை நூல்களைக் கல்லாமல் மறுப்புரை எழுதிய திருச்சபைப் பிதாக்கள் எவருமிலர்; செல்சுவின் நூல் மறைந்தும், அதன் வாதங்களை நாம் அறிவது ஓரிகன் அவற்றை எடுத்தெழுதி விடையளித்தமையால் அன்றோ? நெல்லைச் சீமையில் நம் திருச்சபைகளின் கல்லூரிகள் அப்பல்கலைக் கழகத்தோடு இணைந்தவை. ஆகவே அம்முடிவு நம் வகுப்பறைகளையும் தொட்டது.

4. நம் இல்லத்து ஏடுகள்

இவ்விடத்தில் சிறுபான்மையினராகிய நாம் குறைகூறுவோரின் இருக்கையில் வசதியாக அமர்ந்துவிடுதல் கூடும். அதற்குமுன் நம் இல்லத்து ஏடுகளைத் திறந்து பார்த்தல் நலம்.

காரைக்காலுக்கு அண்மையிலுள்ள தரங்கம்பாடியில் 1706 ஜூலையில் கரையேறிய சீகன்பால்க் ஐயரைப் போற்றாத தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபை இல்லை. அவர் டேனிய ஆளுநரின் சினத்திற்கு ஆளாகி, 1708ஆம் ஆண்டு முதல் 1709 வரை நான்கு மாதங்கள் சிறையிருந்ததும் நாம் அறிந்ததே. அவருடைய எழுத்துக்கு நேர்ந்த வேறொரு சிறைவாசம் அத்துணை அறியப்படவில்லை. தமிழரின் சமயத்தைத் தமிழரிடமே கேட்டறிந்து, ஓலைச் சுவடிகளைக் கற்று, தென்னிந்தியத் தெய்வங்களின் மரபு பற்றிய பெருநூலை 1713இல் அவர் எழுதி முடித்தார். ஹாலேயிலிருந்த அவருடைய புரவலர் பிராங்கே அதனை அச்சிட விரும்பவில்லை. புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர் அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்பலாமா என்பது அவரது எண்ணம். அந்நூல் 1867ஆம் ஆண்டுதான் ஜெர்மான் என்பவரால் சென்னையில் பதிப்பிக்கப்பட்டது. 154 ஆண்டுகள் ஒரு மிஷனெரியின் ஆராய்ச்சி, பகை அரசால் அன்று, தன் சொந்தச் சபையினரின் பக்தியினாலேயே உறங்க வைக்கப்பட்டது. அன்றே அது அச்சேறியிருப்பின் தமிழ்ச் சமயங்களோடு நம் உரையாடல் எத்துணை முன்னதாகத் தொடங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அதே ஹாலேயில் 1723ஆம் ஆண்டு நிகழ்ந்ததும் கருதத்தக்கது. அப்பல்கலைக் கழகத்தின் தத்துவப் பேராசிரியர் கிறிஸ்தியான் வோல்ப், சீனரின் ஒழுக்கநெறி பற்றி 1721இல் ஓர் உரையாற்றினார். திருவெளிப்பாட்டை அறியாத மக்களும் பகுத்தறிவினால் ஒழுக்க உண்மைகளை எட்டக் கூடும் என்பது அதன் சாரம். லாங்கே, பிராங்கே முதலிய பக்தி இயக்க இறையியலார் அவரை எதிர்த்தனர். சச்சரவு அரண்மனையை எட்டியது. பிரஷ்ய மன்னர் முதலாம் பிரெடெரிக் வில்லியம், 48 மணி நேரத்திற்குள் நாட்டைவிட்டு வெளியேறாவிடில் தூக்குத் தண்டனை என்று ஆணையிட்டார். வோல்ப் மார்பர்க் சென்றார். 1740இல் புதிய மன்னரின் அழைப்பின்பேரில் ஹாலேக்குத் திரும்பினார். அவரை எதிர்த்தவர்கள் தீயவரல்லர். அனாதை இல்லங்களை நடத்தியவர்கள், நம் நாட்டிற்கு நற்செய்தியாளரை அனுப்பியவர்கள். ஆனால் வாதத்தில் வெல்ல வேண்டிய ஒரு கருத்தை அரசனின் ஆணையால் வெல்ல முயன்றபோது, அவர்கள் இறையியலைக் கைவிட்டு அதிகாரத்தின் துணையை நாடினர்.

ஸ்காத்லாந்தில் அபர்தீன் நகரின் கல்லூரியில் எபிரெயம் கற்பித்த ராபர்ட்சன் ஸ்மித், பிரிட்டானிக்காக் கலைக்களஞ்சியத்தில் 1875இல் வெளிவந்த ‘வேதாகமம்’ என்னும் கட்டுரையினால் நீண்ட விசாரணைக்கு உள்ளானார். 1880இல் எச்சரிக்கையுடன் விடப்பட்டு, 1881இல் பேராசிரியர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அவரது ஆராய்ச்சி முறை பிற்காலத்தில் அச்சபையின் கல்லூரிகளிலேயே கற்பிக்கப்பட்டது. ஆயினும் ஒரு சிறப்பை மறத்தலாகாது: அங்கே குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட்டது, குற்றஞ்சாட்டப்பட்டவர் மன்றத்தில் நின்று விரிவாக விடையளித்தார், வாதப் பிரதிவாதங்கள் வெளிப்படையாக நடந்தன. முடிவு நமக்கு உடன்பாடன்று. அந்த நடைமுறையின் நேர்மையோ நம் காலத்துக் கல்லூரி நிர்வாகங்கள் பலவற்றிற்கு எட்டாத ஒன்று.

மிக அண்மைய ஏடு நம்மை அதிகம் வருத்துவது. கேரளத்தின் தொடுபுழையில் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் ஆளுகையிலுள்ள நியூமன் கல்லூரியின் மலையாளப் பேராசிரியர் டி. ஜே. ஜோசப், 2010 மார்ச்சில் அமைத்த வினாத்தாளில் இடம்பெற்ற ஒரு பெயர் நபிகளை நிந்திப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டார். ஜூலை 4ஆம் நாள், ஞாயிறு ஆராதனை முடிந்து குடும்பத்தினரோடு திரும்பிக்கொண்டிருந்த அவரை ஒரு கும்பல் வழிமறித்து அவரது வலக்கையை வெட்டியது. அக்காயம் ஆறுமுன், செப்டம்பரில், கல்லூரி அவரைப் பணிநீக்கம் செய்தது. 2013இல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. 2014 மார்ச்சில் அவருடைய மனைவி தற்கொலை செய்துகொண்டார். அதன் பின்னரே, பணி ஓய்வுக்குச் சில நாட்களே எஞ்சியிருந்தபோது, அவர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார். கையை வெட்டியவர்கள் அந்நியர். வாழ்வாதாரத்தை வெட்டியதோ அவர் ஆராதித்த சபையின் நிறுவனம். இது வேறொரு சபையில் நடந்தது என்று நாம் ஒதுங்கிச் செல்ல இயலாது. கலவரத்தை அஞ்சிய நிர்வாகத்தின் இக்கட்டு மெய்யானதே. அவ்விக்கட்டில் நம் நிர்வாகக் குழுக்கள் வேறு விதமாக நடந்திருக்கும் என்று உறுதி கூற வல்லார் யார்?

நம் ஏடுகள் யாவும் இருண்டவை அல்ல. 1908ஆம் ஆண்டு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ஒரு முதுகலை மாணவர், வேதாந்தத்தில் ஒழுக்கநெறிக்கு இடமில்லை என்ற கிறிஸ்தவத் திறனாய்வாளரின் கூற்றை மறுத்து ஓர் ஆய்வுரை எழுதினார். அவருடைய ஆசிரியர் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக், ஸ்காத்லாந்து மிஷனைச் சேர்ந்தவர். தம் சமயத்தாரின் வாதத்தை மறுக்கும் அவ்வாய்வுரையைப் படித்து, அதன் தெளிவையும் ஆற்றலையும் பாராட்டி அவர் சான்றளித்தார். அம்மாணவரே பின்னாளில் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவர் தலைமையேற்ற பல்கலைக் கழகக் கல்விக் குழு 1949ஆம் ஆண்டு தன் அறிக்கையை அளித்தது. உயர்கல்விக்கு அரசு பொருளுதவி செய்வது கடமை, ஆனால் அவ்வுதவி ஆதிக்கமாக மாறலாகாது என்றும், ஆசிரியர் சர்ச்சைக்குரிய பொருள்களைப் பற்றிப் பிற குடிமக்களைப் போலவே பேசும் உரிமை உடையவராயிருக்க வேண்டுமென்றும் அவ்வறிக்கை வலியுறுத்தியது. மிஷனெரி ஆசிரியர் ஒருவரின் நேர்மையைத் தம் இளமையில் கண்டவர் அவ்வாறு வலியுறுத்தியதில் வியப்பில்லை.

5. திருமறையின் வெளிச்சம்

எரேமியா 36ஆம் அதிகாரத்தில் பாரூக் எழுதிய சுருளை அரசன் யோயாக்கீம் துண்டு துண்டாக அறுத்து நெருப்பிலிடுகின்றான். பிரசங்கிகள் பெரும்பாலும் அரசனைப் பற்றியே பேசுவர். ஆனால் எரிக்க வேண்டாமென்று அரசனை வேண்டிக்கொண்ட மூன்று அதிகாரிகளின் பெயர்களையும் வேதம் பதிவு செய்திருக்கின்றது. எல்னாத்தான், தெலாயா, கெமரியா ஆகிய அவர்கள் தீர்க்கதரிசிகள் அல்லர், அரண்மனை ஊழியர். அரசன் அவர்களுக்குச் செவிகொடுக்கவில்லை. எனினும் குழுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து “இது முறையன்று” என்று கூறி, அது ஏற்கப்படாமற் போனாலும், அக்குரலுக்கும் தேவனுடைய ஏட்டில் இடமுண்டு என்பதை இதனால் அறிகின்றோம்.

அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரத்தில் நியாயசாஸ்திரியாகிய கமாலியேல் ஆலோசனைச் சங்கத்தில் எழுந்து நிற்கின்றார். அவர் அப்போஸ்தலருடைய செய்தியை ஏற்றுக்கொண்டதாக லூக்கா கூறவில்லை. அது மனிதரால் ஆனதெனில் தானே அழியும், தேவனால் ஆனதெனில் அழிக்க முயல்வது தேவனோடு போராடுவதாகும் என்பதே அவருடைய வாதம். தாம் ஒப்புக்கொள்ளாத ஒரு போதனைக்குக் காலம் அளிக்க வேண்டுமென்று கேட்டவர் அவர். அவருடைய அறிவுரை முழுமையாகக் கைக்கொள்ளப்படவும் இல்லை; அப்போஸ்தலர் அடிக்கப்பட்டே விடப்பட்டனர். அவருடைய மாணவராகிய சவுலோ நேர்மாறான வழியில் சென்று சபையைத் துன்புறுத்தினார். ஆசிரியரின் நிதானம் மாணவருக்குத் தானாக வந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. பின்னர் அதே மாணவர் மனந்திரும்பி, எபேசுவில் திறன்னு என்பவனின் வித்தியாசாலையில் இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் சம்பாஷித்தார் (அப். 19:9, 10). ஜெப ஆலயத்தில் இடம் மறுக்கப்பட்ட நற்செய்திக்கு இடமளித்தது ஒரு கல்விக் கூடம்.

இவ்விரு பகுதிகளினின்றும் கல்விச் சுதந்திரத்திற்கு ஓர் இறையியல் அடிப்படை கிடைக்கின்றது. உண்மை தேவனுடையதாகையால் அதைக் காப்பதற்குக் காவலர் தேவையில்லை. மனிதர் அறிவு குறைவுள்ளதாகையால், அதைத் திருத்துவதற்குப் பிறர் குரல் தேவை. முன்னதை நம்பாதவன் தடை கோருவான். பின்னதை மறந்தவன் தானே தீர்ப்பாளனாவான்.

6. எல்லைகளும் கடமைகளும்

இங்கே இரண்டு மறுப்புகள் எழக் கூடும். முதலாவது, விசுவாச அறிக்கையை உடைய இறையியல் கல்லூரியில் வரம்பற்ற சுதந்திரம் இயலுமா என்பது. இயலாது என்றே கூறுவோம். திருச்சபையின் ஊழியரை உருவாக்கும் ஆசிரியர், தாம் ஏற்றுக்கொண்ட விசுவாசத்திற்குக் கட்டுப்பட்டவர். ஆனால் அக்கட்டுப்பாடு முன்னரே எழுதப்பட்டதாகவும், ஆசிரியர் அறிந்து ஏற்றதாகவும், மீறப்பட்டதா என்பதை அத்துறை அறிந்தோர் விசாரிப்பதாகவும் இருத்தல் வேண்டும். நன்கொடையாளர் ஒருவரின் கடிதமோ, தேர்தலில் நிற்கும் ஒரு பிரிவினரின் கூச்சலோ விசுவாச அறிக்கை ஆகாது. பேராயர் தேர்தல்களும் நிலத் தகராறுகளும் நம் சபைகளில் எவ்வாறு ‘உபதேசப் பிரச்சினை’ என்னும் உடை அணிந்து வருகின்றன என்பதை வாசகர் அறிவர்.

இரண்டாவது மறுப்பு, சமய உணர்வு புண்படுவதைப் பற்றியது. 2006ஆம் ஆண்டு ‘டா வின்சி கோட்’ திரைப்படத்தைத் தடை செய்யக் கிறிஸ்தவ அமைப்புகள் கோரின. தமிழ்நாடு அரசு தடை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. படம் வந்தது, போனது, திருச்சபை நிலைத்திருக்கின்றது. நம் ஆண்டவரைப் பற்றிய படத்திற்குத் தடை கோரிய நாம், இராமாயண நாடகத்தினால் புண்பட்டோரின் தடைக் கோரிக்கையை எந்த முகத்தோடு மறுப்போம்? ஒரே அளவுகோலைக் கைக்கொள்ளுதல் நம்முடைய முதற் கடமை. தடை கோருதல் வேறு, கண்டனம் தெரிவித்தல் வேறு. புண்பட்டவர் எழுதலாம், பேசலாம், அமைதியாகக் கூடி மறுப்புத் தெரிவிக்கலாம். இவையனைத்தும் அதே சுதந்திரத்தின் கனிகள்.

ஆசிரியருக்கும் கடமைகள் உண்டு. வகுப்பறை மேடை அன்று. மதிப்பெண் இடும் அதிகாரம் உடையவர் தம் கட்சியை மாணவர்மேல் திணித்தல் அவருடைய சுதந்திரத்தை மிகைப்படுத்துவதாகும். தாம் மறுக்கும் கருத்தையும் அதனை ஏற்போர் ஒப்புக்கொள்ளும் வகையில் எடுத்துரைத்தல் ஆசிரியரின் நேர்மை. ஹாக் தம் மாணவரிடம் காட்டியது இதுவே.

வரலாற்றில் பல்கலைக் கழகங்கள் தாமாகவே பணிந்த காலங்களும் உண்டு. ஜெர்மனியில் நாட்சி ஆட்சியின்போது பேராசிரியர் பெரும்பாலோர் ஹிட்லருக்கு உறுதிமொழி அளித்தனர். நிபந்தனையற்ற உறுதிமொழி அளிக்க மறுத்த கார்ல் பார்த் 1935இல் பான் பல்கலைக் கழகத்தை இழந்தார். அடுத்த ஆண்டு பொன்ஹோபரின் கற்பிக்கும் உரிமை பெர்லினில் பறிக்கப்பட்டது. பார்த் அன்று மறுத்தது தனி மனித உரிமையின் பெயரால் மட்டுமன்று. கர்த்தர் ஒருவரே என்னும் விசுவாச அறிக்கையின் பெயரால். திருச்சபைக்கு விசுவாச அறிக்கை இருப்பது சுதந்திரத்திற்குத் தடை என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

முடிவுரை

கார்லைலின் சுற்றறிக்கை கல்லூரி முதல்வரைக் காவலராக்க முயன்றது. இன்று அத்தகைய சுற்றறிக்கை தேவைப்படுவதில்லை. ஒரு தொலைபேசி அழைப்பும், வாயிலில் கூடும் ஐம்பது பேரும் போதும். ஆகவே அமைதியான காலத்திலேயே நம் நிறுவனங்கள் சிலவற்றை எழுதி வைத்தல் நலம். ஆசிரியர்மீது வரும் புகார் எழுத்தில், பெயரோடு இருத்தல் வேண்டும். அவருடைய விளக்கத்தைக் கேட்குமுன் எந்த நடவடிக்கையும் எடுத்தலாகாது. விசாரிப்போரில் அத்துறையைக் கற்றவர்கள் பெரும்பான்மையராயிருத்தல் வேண்டும். விசாரணை முடியும்வரை ஊதியம் நிறுத்தப்படலாகாது. வெளியார் அச்சுறுத்தும்போது நிர்வாகத்தின் முதல் சொல் ஆசிரியரின் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியதாயிருத்தல் வேண்டும். இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று.

இறையியல் மாணவர் நாளை ஆயராகி, ஏதோ ஒரு கல்லூரியின் ஆட்சிக் குழுவில் அமர்வார். அந்நாளில் அவர்முன் ஒரு கோப்பு வைக்கப்படும். வெளியே சிலர் முழக்கமிட்டுக்கொண்டிருப்பர். கையொப்பமிட்டால் அன்றைய மாலையே அமைதி திரும்பும் என்று அவருக்குச் சொல்லப்படும். அவ்வேளையில் எல்னாத்தான், தெலாயா, கெமரியா ஆகியோரின் பெயர்கள் அவருக்கு நினைவு வருமாறு ஆண்டவர் அருள்வாராக.